பத்து எழுத்து ஒரு பக்கம், பதினேழு எழுத்து மறுபக்கம்: பிக்டிஷ் உலோகப் பொறிப்புகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்டுகள் யார்?

இன்றைய ஸ்காட்லாந்தில், ஃபோர்த் கழிமுகத்துக்கு வடக்கே வாழ்ந்த மக்கள். ரோமானிய எழுத்தாளர்கள் 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களை முதன்முதலாகப் ‘பிக்டி’ என்று குறிப்பிடுகிறார்கள். 9ஆம் நூற்றாண்டின் முடிவில் அந்தப் பெயர் வரலாற்றிலிருந்து மெல்ல மறைந்துவிடுகிறது. நார்தம்ப்ரியத் துறவி பீட், 731இல் முடித்த தம் வரலாற்று நூலில், பிரிட்டன் தீவில் வழங்கிய ஐந்து மொழிகளுள் பிக்டிஷ் மொழியையும் ஒன்றாகச் சேர்க்கிறார். அந்த மொழியில் எழுதிய ஏடு ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. அரசர் பட்டியல், ஊர்ப்பெயர்கள், கல்லிலும் எலும்பிலும் உலோகத்திலும் கீறிய சில வரிகள், இவைதாம் மிச்சம். வாளுறையின் நுனியில் பூட்டும் ஓர் உலோகக் காப்பில், அதாவது உறைமுனையில், உள்ள இருபத்தேழு எழுத்துகளுக்காக அறிஞர்கள் அறுபது ஆண்டுகளாக வாதிடுவது இதனால்தான்.

பிக்டுகள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்கிறார்களே?

பழைய எண்ணம் அது. அதைக் கைவிட வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகிழக்கே டார்பட் தீபகற்பத்தில் போர்ட்மஹோமக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1990களில் தொடங்கிய அகழாய்வில் பிக்டிஷ் மடாலயம் ஒன்று வெளிப்பட்டது. கன்றுத்தோலைப் பதப்படுத்தி எழுதுவதற்கு ஏற்ற தோலாக்கிய பட்டறையும் அங்கே கிடைத்தது. அதே இடத்தைச் சேர்ந்த கல் ஒன்றில், இயேசு கிறிஸ்துவின் பெயரால் எனத் தொடங்கும் லத்தீன் வாசகம் புடைப்பெழுத்தாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. செயிண்ட் விஜியன்ஸ் என்ற ஊரிலுள்ள சிலுவைக் கல்லில் ட்ரோஸ்டன், உவோரெட், ஃபோர்குஸ் என்ற மூன்று பெயர்கள் தெளிவாக உள்ளன. எழுதியிருக்கிறார்கள், எழுதிய தோல்தான் அழிந்துபோயிற்று.

உலோகத்தில் எழுதியது என்று எவற்றைச் சொல்லலாம்?

மிகச் சில பொருள்களையே சொல்லலாம். அவற்றில் மூன்று வகை உண்டு. முதலாவது, லத்தீன் எழுத்துகள்; இதற்குச் சிறந்த சான்று, ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தின் செயிண்ட் நினியன் தீவில் கிடைத்த வெள்ளி உறைமுனை. இரண்டாவது, இரட்டை வட்டு, பிறை, உடைந்த கோல் போன்ற பிக்டிஷ் சின்னங்கள். வெள்ளிச் சங்கிலிகளிலும் சிறு தகடுகளிலும் இவை வருகின்றன. மூன்றாவது, ஒரு நடுக்கோட்டின் இருபுறமும் கீற்றுகளாக இடும் ஓகம் எழுத்து. ஓகம் பெரும்பாலும் கல்லிலும் எலும்பிலும் காணப்படுகிறது. ஆர்க்னித் தீவின் கர்னஸ் கோட்டையில் கிடைத்த இரும்புக் கத்தியிலும் ஓகம் இருக்கிறது, ஆனால் இரும்பில் இல்லை, எலும்புப் பிடியில்.

செயிண்ட் நினியன் தீவுப் புதையல் எப்படிக் கிடைத்தது?

1958 ஜூலை 4 அன்று. அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஓ’டெல் நடத்திய அகழாய்வில், உதவிக்கு வந்திருந்த உள்ளூர்ப் பள்ளி மாணவர் ஒருவர், பழைய தேவாலயத்தின் தரையில் சிலுவை கீறிய ஒரு கற்பலகையைத் தூக்கினார். அடியில் லார்ச் மரப் பெட்டியின் சிதைவுகள். உள்ளே 28 வெள்ளிப் பொருள்கள். அவற்றோடு கடற்பன்றியின் தாடை எலும்பு ஒன்று. கிண்ணங்கள், பன்னிரண்டு உடை ஊசிகள், கூம்பு வடிவச் சிமிழ்கள், ஒரு வாள்பிடிக் குமிழ், இரண்டு உறைமுனைகள். பொருள்கள் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்றும், 800ஆம் ஆண்டை ஒட்டிப் புதைக்கப்பட்டிருக்கலாம் என்றும் கருதுகிறார்கள்.

யாருக்கு உரிமை என்ற வழக்கும் நடந்தது. ஷெட்லாந்தில் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) நிலச்சட்டம் செல்லும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. 1963இல் தீர்ப்பு அரசுரிமைக்கே சாதகமாக வந்தது. மூலப் பொருள்கள் எடின்பரோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அவற்றின் நகல்கள் ஷெட்லாந்தில் இருக்கின்றன.

உறைமுனை என்றால் என்ன?

வாள் உறையின் அடிநுனி தேய்ந்து கிழியாமல் இருக்கப் பூட்டும் உலோகக் காப்பு. இது ஆங்கில யு வடிவில் வளைந்தது, வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது. இரு முனைகளும் விலங்குத் தலைகளாக முடிகின்றன. கண்ணுக்கு நீலக் கண்ணாடி. புதையலில் உள்ள இரண்டில் ஒன்றில் மட்டுமே எழுத்து இருக்கிறது. வாளை இடுப்பில் அணிந்தவர் நடக்கும்போது ஒரு பக்கம் வெளியே தெரியும், மறுபக்கம் உடலோடு ஒட்டி மறையும். இந்தச் சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதில் என்னதான் எழுதியிருக்கிறது?

ஒரு பக்கத்தில் பத்து எழுத்துகள்: ஐ, என், என், ஓ, எம், ஐ, என், ஈ, டி, எஸ். மறுபக்கத்தில் பதினேழு: ஆர், ஈ, எஸ், ஏ, டி, எஃப், ஐ, எல், ஐ, எஸ், பி, யு, எஸ், எஸ், சி, ஐ, ஓ. எழுத்தின் வடிவம், அக்காலத்து அயர்லாந்திலும் பிரிட்டனிலும் நற்செய்தி ஏடுகளை அழகுபடுத்தப் பயன்பட்ட வடிவம். எழுதியவருக்கோ எழுதிக்கொடுத்தவருக்கோ ஏடுகளோடு நல்ல பழக்கம் இருந்திருக்கிறது.

எழுத்துகளைப் பற்றி அதிகச் சண்டை இல்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை என்பதே சிக்கல்.

இடைவெளி இல்லாதது அவ்வளவு பெரிய சிக்கலா?

தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் காட்டும் ‘செம்பொன்பதின்றொடி’ என்ற எடுத்துக்காட்டை நினைத்துப் பாருங்கள். செம்பொன் பதின் தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். செம்பு ஒன்பதின் தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. ஓர் எழுத்தும் மாறவில்லை, உலோகமே மாறிவிட்டது. தமிழ் தெரிந்த நமக்கே இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள முடிகிறது. பிக்டிஷ் உறைமுனையிலோ, எந்த மொழியில் பிரிப்பது என்பதே முதல் கேள்வி. முழுவதும் லத்தீனா? லத்தீனுக்கு நடுவே பிக்டிஷ் பெயர்களா?

முதல் பக்கம் எளிதுதானே?

பாதி எளிது. முதல் எட்டு எழுத்துகள் ‘இன் நோமினே’, அதாவது ‘பெயரால்’. கிறிஸ்தவ வழிபாட்டில் ஊறிய தொடர் இது. மீதமுள்ள டி, எஸ் இரண்டும் சுருக்கம். அக்கால எழுத்தர்கள் புனிதப் பெயர்களை முழுதாக எழுதாமல் முதல், கடை எழுத்துகளால் சுருக்குவார்கள். டி எஸ் என்றால் வழக்கமாகத் ‘தேயுஸ்’, கடவுள். ஆனால் இங்கே இலக்கணப்படி வரவேண்டியது ‘கடவுளின்’ என்ற வேற்றுமை. அதற்குச் சுருக்கம் டி ஐ. எனவே இரண்டு எழுத்தும் இரண்டு சொற்களின் தலையெழுத்து, ‘தேயி ஸும்மி’ என்று கொள்ள வேண்டும் என்றார்கள். ‘மிக உயர்ந்த கடவுளின் பெயரால்’ என்று பொருள் கிடைக்கும். வேல்ஸில் லான்ட்விட் மேஜர் என்ற ஊரின் கல்தூண் ஒன்று இதே தொடரோடு தொடங்குகிறது. ஆகவே இது கைக்கு வந்த கற்பனை அன்று. அந்தத் தீவுகளில் புழங்கிய தொடர்தான்.

எழுத்தர் வேற்றுமையைப் பற்றிக் கவலைப்படாமல், பழக்கமான சுருக்கத்தையே பொறித்துவிட்டார் என்பதும் நடக்கக்கூடியதே. எப்படிக் கொண்டாலும் கடவுளின் பெயரால் என்ற கருத்து மாறாது.

இரண்டாம் பக்கத்தை ஏன் பெயர் என்று படித்தார்கள்?

நடுவில் ‘ஃபிலி’ என்ற சொல் பளிச்சென்று தெரிவதால். லத்தீனில் ‘மகனின்’ என்று பொருள். முன்னால் ஐந்து எழுத்து, பின்னால் எட்டு எழுத்து. இன்னாரின் மகன் இன்னார் என்ற அமைப்பு பிரிட்டனின் நினைவுக்கற்களில் ஏராளமாக உண்டு. ஆகவே ‘ஸ்பூஸ்கியோவின் மகன் ரெஸாத்’ என்று படித்தார்கள். ஒரு பிக்டிஷ் வீரனும் அவன் தந்தையும் பெயரோடு எழுந்து நின்றுவிட்டார்கள். இந்தப் படிப்பின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. பெயரில்லாத மக்கள் கூட்டத்தில் ஒருவனுக்குப் பெயர் கிடைத்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது?

ஆனால் அந்தப் பெயர்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பிக்டிஷ் அரசர் பட்டியலில் நெக்தன், ப்ரிதே, ட்ரெஸ்ட், டலோர்கன் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ரெஸாத்தும் இல்லை, ஸ்பூஸ்கியோவும் இல்லை. பட்டியலில் இருப்பவர்கள் அரசர்கள் மட்டுமே என்பதால் இது ஒன்றே பெயர்களை ஒதுக்கப் போதாது. ‘ஸ்பூஸ்கியோ’ என்ற எழுத்துக் கோவைதான் என்னை உறுத்துகிறது. எஸ்-பி-யு-எஸ் என்பது ‘ஸ்பிரிடுஸ்’, ஆவி என்ற சொல்லின் சுருக்கம்போலவே இருக்கிறது. எஸ்-சி-ஐ என்பது ‘ஸாங்க்டி’, தூய என்பதன் சுருக்கம். இதை எந்த வழிபாட்டு ஏட்டிலும் காணலாம். ‘மகன்’ என்ற சொல்லை அடுத்துத் ‘தூய ஆவி’ என்பதன் சுருக்கங்கள் வரிசை பிசகாமல் வந்து நிற்கின்றன. மறுபக்கத்தில் ‘கடவுளின் பெயரால்’. இவை தற்செயலாக ஒன்றுகூடின என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் ‘தூய ஆவியின் மகனுடைய உடைமை’ என்ற படிப்பு?

ஐந்தெழுத்தை ‘ரெஸ் ஆத்’ என்று இரண்டாகப் பிளந்தால் வரும் படிப்பு அது. ரெஸ் என்றால் பொருள், உடைமை. ஆனால் ‘ஆத்’ என்ற சொல்லுக்குப் பின் லத்தீனில் வேறு வேற்றுமை வரவேண்டும், ‘ஃபிலி’ பொருந்தாது. கிறிஸ்து தூய ஆவியின் மகன் என்று கிறிஸ்தவ வழிபாடு சொல்வதும் இல்லை. இலக்கணமும் இடிக்கிறது, சமயமும் இடிக்கிறது. இதை நான் ஏற்கவில்லை.

பிறகு எப்படிப் படிப்பது?

இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில். கடவுளின் பெயரால், மகனின், தூய ஆவியின். மூவொரு கடவுளை அழைக்கும் மன்றாட்டு. அறிஞர்களில் ஒரு சாரார் இந்த வழியில் செல்கிறார்கள். என் சாய்வும் இதுவே. முன்பு சொன்னேனே, ஒரு பக்கம் வெளியே தெரியும், ஒரு பக்கம் உடலை ஒட்டியிருக்கும் என்று. பெயர் எழுதுவது பிறர் பார்ப்பதற்கு. மன்றாட்டு அணிந்தவருக்கும் கடவுளுக்கும் உரியது. அது மறைந்திருந்தாலும் வேலை செய்யும். ஆயுதத்தைச் சுற்றி வளைத்து எழுதியது அதற்குக் காவல் கட்டியதைப் போன்றது.

இரண்டு எச்சங்கள் இன்னும் கையில் நிற்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்து ‘ரெஸாத்’. கடைசி ‘ஓ’.

போர்க்கருவியில் மன்றாட்டு எழுதும் வழக்கம் உண்மையில் இருந்ததா?

இருந்தது. மிக அழகான சான்று யார்க் நகரின் காப்பர்கேட் பகுதியில் 1982இல் கிடைத்த 8ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசம். அதன் உச்சியில் ஓடும் பித்தளைப் பட்டையில் ‘இன் நோமினே’ என்றே தொடங்குகிறது வாசகம். நம் ஆண்டவர் இயேசுவின், தூய ஆவியின், கடவுளின் பெயரால் என்று தொடர்கிறது. தூய, ஆவி என்ற இரண்டு சொற்களும் மும்மூன்று எழுத்தாகச் சுருங்கியிருக்கின்றன. ‘தந்தை’ என்ற சொல் அதிலும் இல்லை. ஆகவே நம் உறைமுனையில் தந்தை என்ற சொல்லைக் காணோம் என்று தடை எழுப்புபவர்களுக்கு இந்தத் தலைக்கவசமே மறுமொழி. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மன்றாட்டின் கடைசியில், ஆமென் என்பதற்கும் கிறிஸ்து என்பதற்கும் நடுவே ‘ஓஷெரே’ என்ற மனிதனின் பெயர் செருகப்பட்டிருக்கிறது. கடவுளின் பெயர்களுக்கு இடையில் தன் பெயரையும் வைத்துக்கொண்டு போருக்குப் போயிருக்கிறான் ஒருவன். ‘ரெஸாத்’ அப்படிச் செருகிய பெயராக இருக்கலாமோ என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. மன்றாட்டா பெயரா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை ஓஷெரே காட்டுகிறான்.

2009இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வெளிப்பட்ட புதையலிலும், மடிந்த நிலையில் கிடைத்த ஒரு பொன்முலாம் பட்டையில், ஆண்டவர் எழுந்து பகைவரைச் சிதறடிக்க வேண்டும் என்ற விவிலியத்தின் எண்ணாகமம் 10:35 வசனம் இருக்கிறது, எழுத்துப் பிழைகளோடு. எழுத்துப் பிழை என்பதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பொறித்த கைக்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. எழுதிக்கொடுத்ததைப் பார்த்து வெட்டியிருக்கலாம். அதற்காக, நமக்குப் புரியாததையெல்லாம் கொல்லனின் பிழை என்று தள்ளிவிடுவதும் தவறு. எழுத்து இருந்தபடியே பொருந்தும் படிப்பை முதலில் தேட வேண்டும். திருத்தம் அதற்குப் பிறகு.

புரியாதது என்று கைவிட்ட பொறிப்பு பிறகு புரிந்த கதை ஏதாவது உண்டா?

உண்டு. அது உலோகம் இல்லை, ஆனால் எனக்கு மிகப் பிடித்த கதை. ஆர்க்னியின் பக்கோய் என்ற இடத்தில் 1970களின் தொடக்கத்தில் நூல் நூற்கும் கதிரின் அடியில் கோக்கும் சிறு கல் வளையம் ஒன்று கிடைத்தது. அதன் துளையைச் சுற்றி வட்டமாக ஓகம் எழுத்து. படித்துப் பார்த்தவர்களுக்கு எந்த மொழியிலும் அடங்கவில்லை. பிக்டுகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்கு வெளியேயுள்ள மர்ம மொழி ஒன்றையும் பேசினார்கள் என்று மொழி ஆய்வாளர் கென்னத் ஜாக்சன் 1955இல் முன்வைத்த கருத்து அப்போது செல்வாக்கோடு இருந்தது. அந்தக் கணக்கில் இந்த வளையத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

1995இல் ஆய்வாளர் கேத்தரின் ஃபோர்சைத் அதே கீற்றுகளை மறுபடியும் நிதானமாகப் பார்த்தார். வட்டத்தில் எழுதியதற்குத் தொடக்கம் எது? எந்தத் திசையில் சுற்றுவது? இவற்றைச் சரிசெய்ததும் அது பழைய ஐரிஷ் மொழியாக விரிந்தது: ஒருவரின் ஆன்மாவுக்கு ஆசி. மர்ம மொழி என்று நினைத்தது, நூல் நூற்ற கைக்குள் சுழன்ற ஒரு ஆசீர்வாதம். ‘இது யாருக்கும் புரியாத மொழி’ என்ற தீர்ப்பை எவ்வளவு தாமதித்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் கண்டதில்லை.

வெள்ளியில் உள்ள சின்னங்களும் எழுத்துதானா?

சின்னங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருகின்றன. ஒரே சின்னங்கள் கல்லிலும் வெள்ளியிலும் ஒரே ஒழுங்கோடு திரும்ப வருகின்றன. ஆட்பெயர்களைக் குறிக்கும் முறை என்ற கருத்துக்கு இதனால் வலு இருக்கிறது. 2010இல் மூன்று ஆய்வாளர்கள் சின்னங்களின் வரிசையைக் கணித முறையில் அளந்து, அவை மொழியை எழுதும் முறையே என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கு மொழியையும் மொழியல்லாததையும் பிரிக்கப் போதாது என்று கணினிமொழியியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரோட் மறுத்தார். அந்த மறுப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். இரு மொழிகளில் ஒரே செய்தியைச் சொல்லும் பொறிப்பு ஒன்று கிடைக்கும்வரை எந்தச் சின்னத்துக்கும் ஒலி கொடுக்க முடியாது.

லானார்க்ஷயரின் வைட்க்ளூ சங்கிலியின் பூட்டு வளையத்தில் இரட்டை வட்டும் கோலும் இருக்கின்றன. கனத்த இரட்டைக் கண்ணிச் சங்கிலி. கிடைத்த இடமோ பிக்ட் நாட்டுக்கு வெளியே, தெற்கே. பரிசாகப் போனதா, கொள்ளையாகப் போனதா? பொருள் நடமாடும், அதன் மேலுள்ள எழுத்தும் அதோடு நடமாடும். கிடைத்த இடத்தை வைத்து மொழியை முடிவு செய்யக் கூடாது.

போலிகள் உண்டா?

உண்டு. ஃபைஃப் பகுதியின் நோரீஸ் லா என்ற மேட்டில் 1819ஐ ஒட்டிக் கிடைத்த வெள்ளிக் குவியலில் பெரும்பகுதி உருக்கி விற்கப்பட்டுவிட்டது. எஞ்சியவற்றில் சின்னம் பொறித்த இலை வடிவத் தகடுகள் இரண்டு, இரட்டைப் பிள்ளைகளைப் போல இருந்தன. இந்த இரண்டையும் நீண்ட காலம் பிக்டிஷ் கலையின் மணிகளாகப் போற்றினார்கள். ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் அண்மைக்கால ஆய்வில், ஒன்றுதான் மூலம், மற்றது 19ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்துச் செய்த படி என்று தெரிந்தது. ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தது என்பதைவிட, மூலமும் படியும் காலப்போக்கில் கலந்துவிட்டன என்பதே பொருத்தம். ஆகவே பொறிப்பைப் படிக்கும் முன் உலோகத்தைப் படிக்க வேண்டும்: தேய்மானம் எங்கே, வெட்டிய கோடு முலாமுக்கு முன்னா பின்னா, எழுத்துக்கென்றே கட்டம் ஒதுக்கி வடிவமைத்தார்களா, கிடைத்த இடத்தில் பிறகு கீறினார்களா.

பிறகு கீறியதற்கு எடுத்துக்காட்டு?

ஹன்டர்ஸ்டன் ஊசி. எயர்ஷயரில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. 700ஐ ஒட்டிச் செய்த பொன், வெள்ளி, அம்பர் வேலைப்பாடு. பிக்டிஷ் பொருள் என்று சொல்ல முடியாது. மேற்கே, அயர்லாந்து வழிவந்த கேலிக் மொழி பேசிய உலகைச் சேர்ந்தது. பின்புறத்தில் ரூன் எழுத்தில், பழைய நார்ஸ் மொழியில், இந்த ஊசி மெல்ப்ரிக்தாவுக்கு உரியது என்று கீறியிருக்கிறது. காலம் 10ஆம் நூற்றாண்டு. எழுத்து ஸ்காண்டிநேவியம், மொழி ஸ்காண்டிநேவியம், பெயரோ கேலிக்: ‘பிரிஜிட் புனிதையின் அடியார்’ என்று பொருள். செய்தவர் ஒருவர், இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து எழுதியவர் வேறொருவர். பொறிப்பின் காலமும் பொருளின் காலமும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால் இங்கே முழுவதும் தடம் மாறிப்போயிருப்போம்.

செயிண்ட் நினியன் உறைமுனையில் அந்த அச்சம் இல்லை. அங்கே எழுத்து அலங்காரத்தின் ஓர் அங்கமாகவே அமைந்திருக்கிறது.

நான் நேரில் சென்றோ படத்திலோ பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எந்த மொழிபெயர்ப்பையும் படிக்காமல் எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள், இடைவெளி விடாமல். ஒரு பக்கத்தின் படம் மட்டும் கிடைத்தால் மறுபக்கத்தின் படத்தையும் தேடி எடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத்தான் ஸ்பூஸ்கியோ என்ற மனிதன் அவ்வளவு உறுதியாகத் தெரிகிறான். பிறகு உங்கள் தாளில் எந்தப் படிப்பு எத்தனை எழுத்துகளை விளக்குகிறது, எத்தனையை அநாதையாக விட்டுவிடுகிறது என்று எண்ணுங்கள். என் கணக்கில் மன்றாட்டுப் படிப்பு இருபத்தேழில் இருபத்தொன்றுக்குக் கணக்குக் காட்டுகிறது. மீதம் ஆறு: ரெஸாத்தின் ஐந்தும், கடைசியில் நிற்கும் ஓவும்.